வயல்வெளிப் பறவைக் கணக்கெடுப்பு: எண்ணிக்கையோடு தூரத்தையும் எழுதுங்கள்

பயிர் கணுக்கால் உயரத்தில் இருக்கும்போது ஒரு வயலில் 20 வானம்பாடிகள் கண்ணில் படுகின்றன என்று வையுங்கள். பயிர் இடுப்பளவு வளர்ந்ததும் அங்கே 8 மட்டும் தெரியலாம். குறைந்தது பறவையா, நம் பார்வைக்கு எட்டுவதா? வெறும் எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பறவையும் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று எழுதியிருந்தால் சொல்லலாம்.

படி 1: பாதை

வரைபடத்தில் 1 சதுர கிலோமீட்டர் கட்டங்கள் போட்டு, குலுக்கல் முறையில் சிலவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நடந்து எண்ணுவதற்கு 1 கி.மீ. நீளத்துக்கு இரண்டு இணைகோடுகள் போதும். பிரிட்டனில் 1994 முதல் நடந்துவரும் இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பிலும் இதே அமைப்புதான்.

வரப்போரமாகவே நடந்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். புதரும் களையும் பூச்சியும் வரப்பில் அதிகம், பறவைகளும் அங்கேதான் கூடும். அந்த எண்ணிக்கையை வயல் முழுவதற்கும் பெருக்கினால் இல்லாத பறவைகள் கணக்கில் ஏறும். கோடு வரப்புகளைக் குறுக்கே வெட்டிப் போகட்டும். பயிரை மிதிக்காமல் வரிசைகளின் இடைவெளியில் நடங்கள். உழவரிடம் முன்பே அனுமதி கேளுங்கள். எப்போது அறுத்தார், எப்போது மருந்தடித்தார் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை ஏன் மாறியது என்று பின்னால் தேடும்போது அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

படி 2: நேரம்

விடிந்த முதல் சில மணி நேரம். மழையும் பலத்த காற்றும் இருந்தால் தள்ளிப்போடுங்கள். அடுத்த ஆண்டும் அதே பருவம், அதே பாதை.

படி 3: தூரம்

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது. நமக்கு வேண்டியது நம்மிடமிருந்து பறவைக்கு உள்ள தூரம் அல்ல, நடக்கும் கோட்டிலிருந்து பக்கவாட்டில், செங்கோணத்தில் பறவைக்கு உள்ள தூரம். முன்னால் 60 மீட்டரில், கோட்டுக்கு 30 பாகை சாய்வில் ஒரு கவுதாரி நிற்கிறது. தூரத்தைச் சாய்வின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும்; சைன் 30 என்பது 0.5. ஆகவே எழுத வேண்டியது 30 மீட்டர்.

பறவை நம்மைக் கண்டு ஓடினால், முதலில் இருந்த இடத்துக்கே தூரம் எடுங்கள். தலைக்கு மேல் பறந்து கடந்துபோனதைத் தனியாகக் குறியுங்கள். வயலுக்கு மேலே நின்று பாடும் வானம்பாடி அப்படியல்ல, அது அந்த வயலைப் பயன்படுத்தும் பறவை, கணக்கில் சேரும்.

கருவியில் காசு போடுவதென்றால் முதலில் லேசர் தூரமானி வாங்குங்கள். அது இல்லாவிட்டால் 0–25, 25–100, 100 மீட்டருக்கு மேல் என்று மூன்று பட்டைகளாகப் பிரித்தாலும் நல்ல தரவுதான். பைனாகுலரில் 10 மடங்கைவிட 8 மடங்குதான் என் தேர்வு: கை நடுக்கம் குறைவு, பார்வைப் பரப்பு அதிகம். குறிப்பெடுக்கக் காகிதமும் பென்சிலும். திரையைத் தட்டும் நேரத்தில் இரண்டு பறவைகள் போய்விடும்.

படி 4: கணக்கு

செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் 'டிஸ்டன்ஸ்' மென்பொருள் இலவசம். தூரம் கூடக்கூடக் கண்ணில் படும் வாய்ப்பு எப்படிக் குறைகிறது என்பதைக் கண்டுபிடித்து, தவறவிட்டவற்றையும் சேர்த்து அடர்த்தியை, அதாவது குறிப்பிட்ட பரப்பில் எத்தனை பறவைகள் என்பதைத் தரும். ஓர் இனத்துக்கு 60 முதல் 80 பதிவுகளாவது வேண்டும். குட்டைப் பயிர், உயரப் பயிர் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் போடுங்கள்.

பின்சேர்க்கை: முயலை எண்ண, அசைவு கண்டதும் தானே படமெடுக்கும் கேமரா வைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வைக்கலாம், ஆனால் ஒரே முயல் பத்து முறை கடந்தாலும் பத்துப் படம்தான் கிடைக்கும், பத்து முயல் அல்ல. காற்றில் ஆடும் பயிரும் கேமராவைக் கிளப்பிவிடும். அப்புறம், முன்னால் உள்ள புல்லைச் சீராக்கி, சூரியன் நேராக விழாத திசையில் வையுங்கள்.