ஆர்க்டிக் பிஎச்டி ஃபீல்டுவொர்க்குக்கு ஃபண்டிங் கேக்குறது எப்படி

அமெரிக்க யுனிவர்சிட்டில ஆர்க்டிக் மக்கள் பத்தியோ அவங்க வாழுற சூழல் பத்தியோ பிஎச்டி பண்றீங்கன்னா முதல்ல பாக்க வேண்டியது என்எஸ்எஃப்-ஓட (ஆராய்ச்சிக்கு பணம் தர்ற அமெரிக்க அரசு அமைப்பு, நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷன்) ஆர்க்டிக் சோஷியல் சயின்ஸ் ப்ரோக்ராம் தான். டிசர்ட்டேஷன் ஆராய்ச்சிக்குன்னே அங்க தனி கிராண்ட் உண்டு, டிடிஆர்ஐ (டாக்டரல் டிசர்ட்டேஷன் ரிசர்ச் இம்ப்ரூவ்மென்ட்)ன்னு சொல்வாங்க. பேப்பர்ல உங்க கைடு தான் பிஐ (பிரின்சிபல் இன்வெஸ்டிகேட்டர், அதாவது தலைமை ஆராய்ச்சியாளர்), நீங்க கோ-பிஐ (இணை ஆராய்ச்சியாளர்), ஆனா எழுதுற வேலை உங்களோடது. பொதுவா இது டிராவல், ஃபீல்டு செலவுக்கான பணம், உங்க ஸ்டைபெண்டுக்கோ டியூஷனுக்கோ இல்ல, அதுக்கு வேற வழி பாத்து வச்சுக்கோங்க.

எழுத உக்கார்றதுக்கு முன்னாடி ப்ரோக்ராம் ஆபீசருக்கு ஒரு பக்க ஐடியாவ மெயில் பண்ணுங்க. உங்க டாபிக் இங்க பொருந்துமா, இப்போ விண்ணப்பம் வாங்குற கால் ஓபன்ல இருக்கான்னு அவங்களே சொல்லிடுவாங்க.

இதையெல்லாம் விட முக்கியம் ஊர் மக்கள். அலாஸ்கா ட்ரைப் ஒண்ணோட வளங்களையோ நலனையோ உங்க ஆராய்ச்சி தொடுதுன்னா அவங்க எழுத்துல அனுமதி குடுத்தாதான் என்எஸ்எஃப் பணம் தரும், 2024-லேர்ந்து இது ரூல். ரூல் இல்லன்னாலும் கேக்கத்தான் வேணும், அவங்க வீட்டுக்குள்ள போய் கேள்வி கேக்கப் போறது நாமதானே. ட்ரைபோட கவுன்சில் கூடி முடிவெடுக்க மாசக்கணக்குல ஆகும், அதனால டெட்லைனுக்கு ரொம்ப முன்னாடியே பேச ஆரம்பிங்க. வட அலாஸ்கால இருக்குற உட்கியாக்விக் மாதிரி ஊர்ல ஏப்ரல், மே மாசம் திமிங்கல வேட்டை சீசன், பல குடும்பங்க கடல் பனி மேல கேம்ப்ல இருப்பாங்க, அப்போ இன்டர்வியூ வைக்கிறேன்னு ப்ளான் போட்டீங்கன்னா உங்களுக்கு அந்த ஊரே தெரியாதுன்னு ரிவ்யூவருக்கு ஒரே வரில புரிஞ்சிடும்.

பட்ஜெட்ல ஒரு இன்டர்வியூவ மட்டும் எடுத்து கணக்கு போட்டுப் பாருங்க: பேசுற பெரியவருக்கு மரியாதைத் தொகை, இன்யுபியாக் (வட அலாஸ்கா பூர்வகுடி மக்களோட மொழி) மொழிபெயர்ப்பாளருக்கு சம்பளம், ரெக்கார்டிங்க எழுத்தாக்குற செலவு, அப்புறம் முடிவுகள சொல்ல திரும்பி ஊருக்கு போற டிக்கெட். இந்த கடைசி டிக்கெட்ட தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. வட அலாஸ்காவுல இருக்குற டூலிக் மாதிரி ஃபீல்டு ஸ்டேஷன்ல தங்கணும்னா அத லாஜிஸ்டிக்ஸ் பக்கம் தனியா கேக்கணும், ஸ்டேஷன்காரங்க கிட்ட முன்னாடியே பேசி வைங்க.

ப்ரொபோசலோட சம்மரி ஒரே பக்கம்தான், அதுல இன்டெலெக்சுவல் மெரிட் (அறிவுத்துறைக்கு என்ன புதுசு), பிராடர் இம்பாக்ட்ஸ் (சமூகத்துக்கு என்ன பயன்) ரெண்டும் தனித்தனியா இருக்கணும். டேட்டா ப்ளான்ல எத ஆர்க்டிக் டேட்டா சென்டர்ல (ஆர்க்டிக் ஆராய்ச்சி டேட்டாவ பொதுவுல சேத்து வைக்கிற ஆன்லைன் காப்பகம்) போடுவீங்க, எத ஊர்க்காரங்க சம்மதம் இல்லாம வெளியிட மாட்டீங்கன்னு பிரிச்சு சொல்லுங்க.

கிடைக்கலன்னா ரிவ்யூவர் கமெண்ட்ஸ் உங்க கைடுக்கு வரும், அத கேட்டு வாங்கிப் படிச்சுட்டு ப்ரோக்ராம் ஆபீசர்ட்ட பேசி அடுத்த ரவுண்டுக்கு திருத்தி அனுப்புங்க.