பந்து விதிப்படி உள்ளதா என்று சோதிப்பது எப்படி? காற்றிலிருந்து தொடங்குங்கள்

பல விளையாட்டுகளின் பந்துகள் கலந்து கிடந்த ஒரு பையைப் பிரித்து, எவை போட்டிக்கு ஏற்றவை என்று முடிவு செய்யும் பொறுப்பு எனக்கு வந்தபோது நான் வகுத்துக்கொண்ட வரிசையை இங்கே எழுதுகிறேன். பெரிய பந்துகளுக்குத் தேவையானவை ஊசி பொருத்திய பம்பு, அழுத்தமானி, தையல்காரர் பயன்படுத்தும் துணி நாடா, ஒரு கிராம் வரை காட்டும் தராசு ஆகியவையே.

படி 1: எண்ணையும் விளையாட்டையும் சேர்த்துப் படியுங்கள்

பந்தின் மீதுள்ள எண் அந்தந்த விளையாட்டுக்கு மட்டுமே பொருந்தும். 5 என்று குறிக்கப்பட்ட கால்பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். அதே 5 என்ற எண்ணுடன் விற்கப்படும் வாலிபால் பந்தின் சுற்றளவு 65 முதல் 67 செ.மீ.; எடையோ 260 முதல் 280 கிராம் மட்டுமே. கூடைப்பந்தில் ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 6. ஹேண்ட்பாலில் ஆண்கள் ஆடும் 3ஆம் எண் பந்து 58 முதல் 60 செ.மீ. சுற்றளவும் 425 முதல் 475 கிராம் எடையும் கொண்டது; அளவில் கால்பந்தைவிடச் சிறியதாயினும் எடையில் அதற்குக் குறைந்ததன்று.

படி 2: காற்றழுத்தத்தைச் சரிசெய்யுங்கள்

அதிக நேரம் பிடிக்கும் படி இதுதான். மற்ற எல்லா அளவுகளும் இதைச் சார்ந்தே நிற்கின்றன. காற்று குறைந்த பந்தை அளந்தால் சுற்றளவு குறைவாக வரும். அந்த முடிவைக் கொண்டு நல்ல பந்தைக் கழித்துவிட நேரும். கால்பந்துக்கு விதி அனுமதிக்கும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 600 முதல் 1,100 கிராம், அதாவது 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). வாலிபாலுக்கு அது 0.30 முதல் 0.325 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ 4.3 முதல் 4.6 பி.எஸ்.ஐ. கால்பந்துக்குப் பழகிய கை அதே அழுத்தத்தில் வாலிபாலுக்கும் காற்றடித்தால், அது விதியின் மேல் வரம்பைப் போல் இரு மடங்கை எளிதில் தொட்டுவிடும். கடற்கரை வாலிபாலுக்கு இன்னும் குறைவு: 0.175 முதல் 0.225 கிலோகிராம்.

முள் வைத்த அழுத்தமானியைவிட எண்முறை அழுத்தமானியையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் வாலிபாலின் வரம்பு மிகக் குறுகியது. முள்ளின் தடிமனே அந்த வரம்பை மறைத்துவிடக்கூடும். ஊசியில் ஒரு துளி கிளிசரின் தடவிய பிறகே வால்வில் செருகுங்கள். உலர்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும். ஒவ்வொரு முறை செருகி எடுக்கும்போதும் சிறிது காற்று வெளியேறும் என்பதால், இலக்கைவிடச் சற்றுக் கூடுதலாக அடித்து, பிறகு மெல்ல இறக்குவதே நல்ல முறை. பம்பினால் சூடான காற்று ஆறும்போது அழுத்தம் குறையும். ஆகவே சற்று நேரம் வைத்திருந்து மீண்டும் பாருங்கள்.

படி 3: சுற்றளவு

நாடா பந்தின் நட்ட நடுவைச் சுற்ற வேண்டும். சற்று விலகினாலும் அளவு குறைந்தே காட்டும். ஒருபோதும் கூடிக் காட்டாது. எனவே நாடாவை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்து, கிடைக்கும் மிகப்பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். இதை மூன்று திசைகளில் செய்தால் பந்து உருண்டையாக இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். நாடாவை இழுத்துப் பிடிக்காமல் பந்தோடு ஒட்டவைத்தால் போதும். பழைய துணி நாடா நீண்டிருக்கக்கூடும் என்பதால் முதலில் எஃகு அளவுகோலுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். விட்டத்தை அளந்து 3.14-ஆல் பெருக்கும் வழியும் உண்டு. ஆனால் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் சுற்றளவில் மூன்று மில்லிமீட்டர் பிசகும் என்பதால், பெரிய பந்துகளுக்கு நாடாவையே நான் விரும்புகிறேன்.

படி 4: எடை

காற்றடித்த நிலையிலேயே நிறுங்கள். கால்பந்துக்குள் அடைக்கப்படும் கூடுதல் காற்றே சுமார் ஐந்து கிராம் வரும். நனைந்த பந்தை நன்கு உலர்த்திய பிறகே தராசில் வையுங்கள்.

படி 5: சிறிய பந்துகள்

இவற்றுக்கு மில்லிமீட்டரின் சிறு பகுதிகளையும் காட்டும் வெர்னியர் அளவி தேவை. டேபிள் டென்னிஸ் பந்தின் விட்டம் 2000ஆம் ஆண்டில் 38 மி.மீ.-லிருந்து 40 மி.மீ.-ஆக உயர்ந்தது, எடை 2.7 கிராம் என்பதால் சமையலறைத் தராசு இதற்கு உதவாது. டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம், 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுவே, ஏனெனில் பந்து உயிரோடு இருக்கிறதா என்பதை அது நேரடியாகச் சொல்கிறது. கோல்ஃப் விதி மட்டும் வேறு விதமானது: எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 42.67 மி.மீ.-க்குக் கீழே போகக்கூடாது.

பிற்சேர்க்கை

பந்தின் மீது அச்சிட்ட அழுத்தமும் விதி தரும் அழுத்தமும் வேறுபட்டால் எதைப் பின்பற்றுவது என்று சிலர் கேட்டிருந்தனர். இரண்டும் பொருந்தும் இடைப்பட்ட அளவைத் தேர்ந்தெடுங்கள். தயாரிப்பாளர் குறித்த மேல் வரம்பை மட்டும் மீற வேண்டாம், தையல் பிரியும். கிரிக்கெட் பந்தைப் பற்றியும் கேள்வி வந்தது: ஆண்களுக்கான பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம், சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ. இவை புதிய பந்துக்கு உரிய அளவுகள். ஆடித் தேய்ந்த பந்தை இவற்றோடு ஒப்பிட வேண்டாம்.