திரை உடைந்த நிண்டெண்டோ சுவிட்சை டிவிக்கு மட்டும் அமைப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பல வீடுகளில், கையில் வைத்தும் டிவியில் இணைத்தும் ஆடக்கூடிய நிண்டெண்டோ சுவிட்ச் என்ற வீடியோ ஆட்டப் பெட்டி டிவி மேசையை விட்டு நகர்வதே கிடையாது. வாங்கிய அன்று டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கியில்) செருகியது, தீபாவளிக்கு வீடு கழுவும்போதுதான் வெளியே வரும். திரைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தார்கள், அந்தத் திரையை யாரும் பார்ப்பதில்லை. திரையை எடுத்துவிட்டு, டிவிக்கு மட்டும் ஒரு மலிவான சுவிட்சை நிண்டெண்டோ விடக்கூடாதா என்று கேட்பவர்கள் இவர்கள்தான்.

விடவேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் நிறுவனம் இதுவரை எதிர்த்திசையில்தான் போயிருக்கிறது. 2017 மார்ச்சில் 299.99 அமெரிக்க டாலருக்கு முதல் சுவிட்ச் வந்தது. 2019 செப்டம்பரில் 199.99 டாலருக்கு வந்த லைட், கையில் வைத்து மட்டும் ஆடுவது. 2021-இல் ஓஎல்இடி திரை கொண்ட மாடல், 2025 ஜூனில் சுவிட்ச் 2. இரண்டும் பழையபடி இருவழி. ஜப்பானில் 2018-இல் டாக் இல்லாத 'இரண்டாவது செட்' ஒன்றை ஏறக்குறைய 5,000 யென் குறைத்து விற்றார்கள். அதிலும் டிவி பக்கத்தைத்தான் வெட்டினார்களே தவிர, திரையைத் தொடவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. சோனி 2013 நவம்பரில் தன் கையடக்க ஆட்டப் பெட்டியான வீட்டாவை டிவியில் ஆடும் சின்னப் பெட்டியாக ஜப்பானில் விட்டது. விலை 10,000 யென்னுக்கும் கீழே. தொடுதிரையும் கேமராவும் தேவைப்பட்ட ஆட்டங்கள் பல அதில் ஓடவில்லை, பெட்டியும் விலைபோகவில்லை. இன்னொரு கணக்கும் இருக்கிறது. டிவிக்கு மட்டும் என்றால் பெட்டியோடு ஒரு முழுக் கட்டுப்படுத்தி வைத்தாக வேண்டும். புரோ கண்ட்ரோலர் அறிமுகமானபோதே 69.99 டாலர். திரையை எடுத்து மிச்சம் பிடித்த காசில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

ஆகவே அப்படி ஒன்று கடைக்கு வரும்வரை, திரை உடைந்த பழைய சுவிட்சை வாங்கி நாமே அமைத்துக்கொள்வதுதான் கைக்கு எட்டிய வழி. திரை செத்தாலும் டாக் வழியாக டிவியில் படம் வரும். விற்பவருக்கு அது பழுதான சாமான், உங்களுக்கு அது தேவைப்படாத பாகம்.

எந்த மாடல்

முதலில் எதை வாங்கக்கூடாது என்று சொல்லிவிடுகிறோம். லைட் வேண்டவே வேண்டாம். விலை குறைவு என்று வாங்கிவந்து, டாக்கைத் தேடி அலைபவர்கள் உண்டு. அதற்கு டிவியில் படம் காட்டும் வசதியே கிடையாது. எந்த டாக்கும், எந்த மாற்றியும் அதை மாற்றாது. கட்டுப்படுத்திகள் கழற்ற முடியாதபடி உடம்போடு ஒட்டியே இருந்தால் அது லைட். மாடல் எண் எச்டிஎச்-001 என்றிருக்கும்.

வாங்கத் தகுந்தவை மூன்று. எச்ஏசி-001 என்பது 2017 மாடல். எச்ஏசி-001(-01) என்பது 2019-இல் வந்த, பேட்டரி அதிக நேரம் நிற்கும் மாடல். எச்இஜி-001 ஓஎல்இடி. டிவியில் மட்டும் ஆடுபவருக்கு மூன்றும் ஒரே படத்தைத்தான் தருகின்றன, உச்சம் 1080பி. ஓஎல்இடியின் அழகே அந்த 7 அங்குலத் திரைதான். அதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அதன் டாக்கில் லேன் துளை உண்டு, அது ஒன்றுதான் லாபம். அந்த டாக் பழைய மாடலுக்கும் பொருந்தும். சுவிட்ச் 2-இன் டாக் பொருந்தாது.

இணையத்தில் தேடும்போது மலாயில் 'ஸ்கிரின் ரெத்தாக்', 'ஸ்கிரின் பெச்சா' என்று தேடினால் நிறைய சிக்கும். நல்ல நிலையில் உள்ள பழைய சுவிட்ச் என்ன விலைக்குப் போகிறதோ அதில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். டாக்கும் அடாப்டரும் அதிலேயே சேர்ந்து வந்தால் கொஞ்சம் ஏறிப்போகலாம்.

கையில் வாங்கிப் பார்க்கும்போது

பெட்ரோல் நிலையத்தில் காடியை நிறுத்திக் கைமாற்றிக்கொள்ளும் வேலை இதற்கு ஆகாது. டிவி உள்ள இடம் வேண்டும். விற்பவர் வீடு, இல்லையென்றால் தெரிந்த கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் கடை.

முதலில் பேட்டரி. சுவிட்சைக் கண்ணாடி மேசைமேல் முதுகு கீழே இருக்கும்படி வைத்து, மூலையை விரலால் லேசாக அழுத்துங்கள். ஆடினால் முதுகு உப்பியிருக்கிறது என்று அர்த்தம். திரையின் ஓரம் சட்டத்தைவிட்டு மேலே எழும்பியிருந்தாலும் அதேதான். உப்பிய பேட்டரி உள்ளதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதை வீட்டில் நெம்பி எடுக்கப் பார்ப்பது ஆபத்து. பசைபோட்டு ஒட்டியிருப்பார்கள், கத்தி பட்டால் தீப்பிடிக்கும்.

அடுத்தது அடியில் உள்ள யுஎஸ்பி-சி துளை. இதை அவசரப்படாமல் பாருங்கள், டிவிக்குப் படம் போவது இந்த ஒரே வழியில்தான். கைத்தொலைபேசியின் விளக்கை அடித்துப் பார்த்தால் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று தெரியும், அதன் இரு பக்கமும் வரிசையாகப் பித்தளை நிறக் கம்பிகள். நாக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, கம்பி கறுத்திருந்தாலோ, பச்சை படிந்திருந்தாலோ விட்டுவிடுங்கள். சார்ஜ் ஏறுகிறதே என்று விற்பவர் சொல்வார். சார்ஜுக்கு வேறு கம்பி, படத்துக்கு வேறு கம்பி. சார்ஜ் ஏறியும் படம் வராத சுவிட்சுகள் இருக்கத்தான் செய்கின்றன.

பிறகு டாக்கில் போட்டு டிவியில் ஓடவிடுங்கள். இருபது நிமிடமாவது ஓடட்டும். கீழே விழுந்து திரை உடைந்திருந்தால் விசிறியும் அடிவாங்கியிருக்கலாம். கரகரவென்று சத்தம் கேட்டாலோ, சூடாகித் தானே அணைந்தாலோ வேண்டாம். அந்த இருபது நிமிடத்தில் ஆட்ட அட்டையைச் செருகி எடுங்கள், வைஃபையில் இணையுங்கள், நிண்டெண்டோவின் இணையக் கடையான ஈஷாப்பைத் திறந்து பாருங்கள். 2124-4007 என்ற எண்ணோடு பிழை வந்தால் அந்தப் பெட்டி நிண்டெண்டோவின் இணையச் சேவையிலிருந்து தடைசெய்யப்பட்டது. அட்டை ஆட்டம் மட்டும் ஆடுவதென்றாலும், அதைச் சொல்லி விலையை இன்னும் குறைத்துக் கேளுங்கள்.

கடைசியாக, பழைய உரிமையாளரின் கணக்கு. அவர் முன்னிலையிலேயே சிஸ்டம் செட்டிங்ஸ், சிஸ்டம், ஃபார்மேட்டிங் ஆப்ஷன்ஸ், இனிஷியலைஸ் கன்சோல் என்று போய் அழிக்கச் சொல்லுங்கள். பெற்றோர் கட்டுப்பாட்டு ரகசிய எண் வைத்திருந்தால் அதையும் அவரே எடுத்துவிடட்டும். அவர் போனபிறகு எண் கேட்டால் வீண் அலைச்சல்.

சேர்த்து வாங்கவேண்டியவை

டாக், அடாப்டர், எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று, கட்டுப்படுத்தி ஒன்று, மைக்ரோ எஸ்டி அட்டை ஒன்று. அட்டை ஆட்டம் அதிகம் என்றால் 128 ஜிபி தாராளம். பழைய மாடலின் உள்நினைவகம் 32 ஜிபிதான். ஒன்றை மறக்கவேண்டாம்: ஆட்டம் எங்கே இருந்தாலும் அதன் சேமிப்புக் கோப்பு உள்நினைவகத்தில்தான் உட்காரும். எஸ்டி அட்டையில் போகாது. பெட்டி செத்தால் பிள்ளை மாதக்கணக்கில் ஆடியதும் சேர்ந்து போகும். கட்டணம் செலுத்தும் ஆன்லைன் உறுப்பியம் இருந்தால் பெரும்பாலான ஆட்டங்களுக்கு மேகச் சேமிப்பு (இணையத்தில் நகல் வைப்பது) உண்டு. இதுபோன்ற பழைய பெட்டியில் அந்தக் காசு வீணில்லை.

அடாப்டரில் சிக்கனம் பார்க்கும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டாக் படம் காட்ட 15 வோல்ட் வேண்டும். அசல் அடாப்டர் 15 வோல்ட், 2.6 ஆம்பியர், அதாவது 39 வாட். கைத்தொலைபேசியின் 5 வோல்ட் சார்ஜரைச் செருகினால் பேட்டரி மெல்ல ஏறும், டிவி மட்டும் கறுப்பாகவே கிடக்கும். அசல் கிடைக்காவிட்டால், உடம்பில் 15 வோல்ட், 3 ஆம்பியர் என்று அச்சிட்ட 45 வாட் 'பிடி' (பவர் டெலிவரி) சார்ஜர் பாருங்கள். மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கட்டும். ஜப்பான் செட்டோடு வரும் இரட்டைத் தட்டை முள் அடாப்டரும் 100 முதல் 240 வோல்ட்வரை தாங்கும். நம் மூன்று முள் பிளக்குக்கு மாற்றி ஒன்று போதும், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டியதில்லை.

டாக்கையும் பெயர் தெரியாத மலிவுச் சரக்காக வாங்கவேண்டாம். 2018-இல் 5.0 மென்பொருள் வந்த சமயம், அசல் அல்லாத சில டாக்குகளில் போட்ட சுவிட்சுகள் எழும்பாமலே போய்விட்டன. பழைய அசல் டாக் தனியாகவே கிடைக்கும்.

கட்டுப்படுத்தி பழையதென்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் கண்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ், கேலிபிரேட் கண்ட்ரோல் ஸ்டிக்ஸ் என்று போய்ப் பாருங்கள். குச்சியைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் புள்ளி நடுவுக்கே திரும்பவேண்டும். ஓரமாக நின்றால் ஆட்டத்தில் ஆள் தானாக நடப்பான். புரோ கண்ட்ரோலர் என்றால் யுஎஸ்பி கேபிளால் டாக்கோடு சேர்த்தாலே பதிவாகிவிடும். கட்டுப்படுத்தியை மாட்டும் பெட்டியின் பக்கத் தண்டவாளம் உடைந்திருந்தாலும் கவலையில்லை.

ஆட்டம் வாங்கும்போது பெட்டியின் பின்புறத்தைத் திருப்புங்கள். டிவி, மேசை, கை என மூன்று முறைகளுக்கும் சின்னப் படங்கள் இருக்கும். டிவி படம் இல்லாத ஆட்டம் உங்களுக்கு ஆகாது. அட்டைகளுக்கு வட்டாரப் பூட்டு கிடையாது. ஜப்பான் அட்டையோ அமெரிக்க அட்டையோ எதுவும் ஓடும். பக்கத்து வீட்டோடு மாற்றி மாற்றி ஆடவும் வழி உண்டு.

வீட்டில் வைக்கும் இடம்

சுவிட்ச் முதுகுப்பக்கம் காற்றை இழுத்து மேலே தள்ளுகிறது. நிறுவனம் சொல்லும் வெப்ப வரம்பு 5 முதல் 35 டிகிரி. லயத்து வீட்டில் துத்தநாகக் கூரைக்கு நேர் கீழே, பிற்பகல் இரண்டு மணிக்கு, கதவு மூடிய டிவி அலமாரிக்குள் அந்த வரம்பு சுலபமாகத் தாண்டிவிடும். திறந்த தட்டில் வையுங்கள். மேலே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். டிவியை மூடும் பின்னல் விரிப்பை இதன்மேல் போடாதீர்கள். டிவிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாலும் கட்டுப்படுத்தியின் சிக்னல் விட்டுவிட்டு வரும்.

சாமி மேடைக்குப் பக்கத்திலும் வேண்டாம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் விசிறி இறக்கையில் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, சில மாதத்தில் பஞ்சுபோல் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை மேல் துளையையும் முதுகுத் துளையையும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். டாக்கின் வாயையும் அப்போதே பாருங்கள். எறும்புக்கும் பல்லிக்குட்டிக்கும் சூடான அந்த இடுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இடி நம் ஊரில் தனிப் பிரச்சினை. மின்னல் பாதுகாப்புள்ள பிளக் பலகை நல்லதுதான், ஆனால் இடி நெருங்கிவிட்டால் சுவரிலிருந்து கழற்றுவதற்கு அது ஈடாகாது. டிவியின் ஆன்டெனா கம்பியையும் கழற்றுங்கள். மின்னல் அதன் வழியாக டிவிக்குள் வந்து, எச்டிஎம்ஐ வழியாக டாக்கையும் எரித்துவிடும்.

மின்சாரம் திடீரென்று போனால்தான் பேட்டரியின் அருமை தெரியும். இஎல்சிபி (மின்கசிவுத் துண்டிப்பான்) விழுந்து வீடே இருண்டாலும் சுவிட்ச் அணையாது, பேட்டரிக்கு மாறி ஆட்டம் தொடரும். திரை உடைந்திருப்பதால் உங்களுக்குப் படம் தெரியாது, அவ்வளவுதான். மேலே உள்ள பவர் பொத்தானை ஒருமுறை லேசாக அழுத்துங்கள், தூங்கிவிடும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்தே ஆடலாம். டிவிக்கு மட்டுமான சுவிட்ச் என்றைக்காவது வந்தாலும், திரையை எடுக்கட்டும், சின்னப் பேட்டரி ஒன்றையாவது விட்டுவைக்கட்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

படம் வராவிட்டால்

பெரும்பாலும் பெட்டி கெட்டிருக்காது. மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் அடாப்டர் தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கும். இந்த வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்:

1. சுவிட்சை டாக்கிலிருந்து எடுங்கள். அடாப்டரைச் சுவரிலும் டாக்கிலும் இரண்டு பக்கமும் கழற்றுங்கள். எச்டிஎம்ஐயையும் கழற்றுங்கள்.
2. முழுசாக 30 விநாடி பொறுங்கள்.
3. அடாப்டரைச் சுவரில் நேரடியாகச் செருகி, பிறகு டாக்கில். எக்ஸ்டென்ஷன் பலகை இப்போது வேண்டாம்.
4. எச்டிஎம்ஐயைச் செருகி, டிவியில் அதே எண்ணுள்ள துளையைத் தேர்ந்தெடுங்கள்.
5. சுவிட்சை அடிவரை இறக்கி, பவர் பொத்தானை அழுத்துங்கள்.

டாக்கின் முன்னால் பச்சை விளக்கு எரிந்தும் படம் இல்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு டிவியின் வேறு துளையை. விளக்கே எரியாவிட்டால் அடாப்டர், டாக், யுஎஸ்பி-சி துளை என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். படம் வந்து ஓரம் மட்டும் வெட்டுப்பட்டால் சுவிட்சின் சிஸ்டம் செட்டிங்ஸிலுள்ள டிவி பகுதியில் அட்ஜஸ்ட் ஸ்கிரீன் சைஸ் என்பதைக் குறைக்கலாம். பழைய சின்ன டிவியில் படம் விட்டுவிட்டு வந்தால் அங்கேயே ரெசல்யூஷனை ஆட்டோமெட்டிக்கிலிருந்து 720பிக்கு மாற்றுங்கள்.

எச்டிஎம்ஐ துளையே இல்லாத பெரிய குழாய் டிவி என்றால், எச்டிஎம்ஐயை மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயருக்கு மாற்றும் பெட்டி ஒன்று வேண்டும். 'எச்டிஎம்ஐ டு ஏவி' என்று கேட்டு வாங்குங்கள். திருப்பி மாற்றும் பெட்டியும் அதே உருவத்தில் இருக்கும், கடையில் தவறுதலாக அதைக் கொடுத்துவிடுவார்கள். அதற்கான 5 வோல்ட் மின்சாரத்தை டாக்கின் பக்கத்து யுஎஸ்பி துளையிலிருந்தே எடுக்கலாம். கார் பந்தயமும் சண்டை ஆட்டமும் அதில் நன்றாகவே ஓடும். எழுத்து படிக்கவேண்டிய ஆட்டங்களுக்குக் கண் வலிக்கும்.