கரும்புச் சக்கையில் தேங்காய் மணம்: டிரைக்கோடெர்மா நொதித்தல்

டிரைக்கோடெர்மா பூஞ்சையின் சில ரகங்கள் 6-பென்டைல்-ஆல்பா-பைரோன் என்ற பொருளைச் சுரக்கும். தேங்காய் மணம் அதனுடையது. சக்கை வெறும் தீனி. மணம் வருவதும் வராததும் ரகத்தைப் பொறுத்தது. எனவே முதலில் ரகம்.

உரக்கடை டிரைக்கோடெர்மா விரிடி பவுடரை நேரே சக்கையில் தூவாதீர்கள், பாக்டீரியாவும் கூடவே வரும். முதலில் தட்டில் வளர்க்க ஒரு ஊட்டக்கூழ்: 200 கிராம் உருளைக்கிழங்கு வெந்த நீர், டெக்ஸ்ட்ரோஸ் 20 கிராம், அகர் (கூழை இறுக்கும் கடற்பாசித் தூள்) 20 கிராம், எல்லாம் சேர்ந்து 1 லிட்டர். குக்கரில் கிருமி நீக்கித் தட்டில் ஊற்றி, இறுகியதன் மேல் பவுடரைக் கோடாக இழுத்து, பூஞ்சை படரும் ஓரத்தைப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள். பச்சை பிடிக்கும் முன், வெள்ளையாக இருக்கையிலேயே மூடியை லேசாகத் திறந்து கையால் விசிறி முகருங்கள். வெறும் மண்வாசனை என்றால் வேறு பாக்கெட் வாங்குங்கள். என்95 முகக்கவசம் கட்டாயம். வித்துகள் நுரையீரலுக்கு ஆகாது. மணம் அதைத் தாண்டியும் தெரியும்.

நெல்லிக்குப்பம் பக்கம் ஆலைச் சக்கை கிடைத்தால் நல்லது. ஜூஸ் வண்டிச் சக்கையில் இஞ்சியும் எலுமிச்சையும் கலந்திருக்கும். கலக்காததைக் கேட்டு வாங்குங்கள். வெந்நீரில் இருமுறை அலசி, காயவைத்து, 1 செ.மீ. துண்டாக்குங்கள். பண்ருட்டியில் பலாச் சடை மலிவுதான், ஆனால் புதியவர்களுக்கு வேண்டாம்: அதன் சொந்த வாசனையே மூக்கை ஏமாற்றிவிடும்.

காய்ந்த சக்கை 100 கிராம், தவிடு 10 கிராம், குளுக்கோஸ் 5 கிராம், தண்ணீர் 170 மி.லி. பிறகு ஊற்றும் வித்துநீர் (தட்டில் வளர்ந்த பூஞ்சையின் வித்துகள் கலந்த நீர்) 10 மி.லி.யையும் சேர்த்தால் ஈரம் 60 சதவீதத்தை ஒட்டி வரும். இந்த இடத்தில்தான் பெரும்பாலும் கெடுகிறது. கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, பஞ்சடைத்து, மேலே அலுமினியத் தாள் கட்டுங்கள். இல்லாவிட்டால் குக்கர் நீராவி உள்ளே இறங்கி அடியில் நீர் கட்டும், புளித்த நாற்றம் வரும். 15 பவுண்டு அழுத்தத்தில் 45 நிமிடம். முழுக்க ஆறிய பிறகே, ஸ்பிரிட் விளக்கருகில், வித்துநீரை விடுங்கள்.

28 டிகிரி போதும். வளரும்போது சக்கை தானே சூடாகும், அதனால் 4 செ.மீ. உயரத்தைத் தாண்டாதீர்கள். கடலூர்ச் சித்திரை வெயிலில் இது சரிப்படாது. கார்த்திகை முதல் தை வரை வசதி. 5 முதல் 7 நாளில் மணம் உச்சம், பிறகு பஞ்சு வழியே போய்விடும். யூரியா சேர்த்தால் பூஞ்சை கொழிக்கும், மணம் குறையும்.

கறுப்போ ஆரஞ்சோ தெரிந்தால் திறக்காமல் மறுபடி குக்கரில் வைத்துவிட்டுக் கொட்டுங்கள்.

மணத்தைப் பிரிக்க, 1 கிராம் சக்கைக்கு 10 மி.லி. எத்தில் அசிடேட்டில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, நெருப்பில்லாத வெளியிடத்தில் ஆவியாக விடுங்கள். மிஞ்சும் எண்ணெய் சுத்திகரிக்காதது: தின்னவோ தோலில் பூசவோ கூடாது.

பின்சேர்க்கை: தட்டில் மணந்த ரகம் பாட்டிலில் மணக்காவிட்டால், பஞ்சு ஈரமாகிக் காற்று அடைபட்டதா என்று முதலில் பாருங்கள்.