மெடிக்கல் கோடிங், பில்லிங்கில் வரும் சுருக்கக்குறிகளை இடமறிந்து படிக்கும் முறை

நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக மாற்றுவது கோடிங்; அவற்றுக்கான பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்பது பில்லிங். அமெரிக்க மருத்துவமனைகளுக்கான இந்த வேலை சென்னையில் பெரிய அளவில் நடக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களில் பலர், சுருக்கக்குறிகளின் பட்டியலை அகர வரிசையில் உருப்போடுகிறார்கள். அந்த உழைப்பு முழுப் பயன் தர வேண்டுமானால், ஒவ்வொரு குறியையும் அது வரும் இடத்தோடு சேர்த்தே மனத்தில் பதிக்க வேண்டும். ஏனெனில் ஒரே எழுத்துகள் மருத்துவரின் குறிப்பில் ஒரு பொருளையும் கிளெய்மில் (காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்கும் விண்ணப்பத்தில்) வேறொரு பொருளையும் தருகின்றன. ஆகவே உங்கள் குறிப்பேட்டில் குறி, விரிவு என்ற இரண்டு கட்டங்களோடு, அது சார்ட்டின் (நோயாளியின் மருத்துவப் பதிவின்) எந்தப் பகுதியில் வந்தது என்பதற்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

கோடு தொகுதிகளின் பெயர்களில் குழப்பம் குறைவு. ஐசிடி-10-சிஎம் நோயைக் குறிக்கும் தொகுதி. அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் கோடு மூன்று முதல் ஏழு இடங்கள் வரை நீளும். மருத்துவர் செய்த பணியைக் குறிக்கும் சிபிடியை அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிடுகிறது. வேலையிடத்தில் ‘ஹிக்பிக்ஸ்’ என்று சொல்லப்படும் ஹெச்சிபிசிஎஸ்ஸின் இரண்டாம் நிலைக் கோடுகள், ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டவை. ஊசி மருந்துகளில் பெரும்பாலானவை அங்கே ஜே வரிசையில் இருக்கின்றன.

உண்மையான கவனம் தேவைப்படுவது மருத்துவரின் குறிப்பில்தான். சிவிஏ என்ற குறியைப் பாருங்கள். முந்தைய நோய்களைச் சொல்லும் பகுதியில் அது பக்கவாதத்தைக் குறிக்கும். உடல் பரிசோதனைப் பகுதியில் ‘சிவிஏ டெண்டர்னஸ்’ என்று வந்தால், முதுகெலும்பும் கடைசி விலா எலும்பும் சேரும் கோணத்தைத் தட்டிப் பார்த்தபோது வலி இருந்ததா என்பதே செய்தி; அது சிறுநீரகத்தைப் பற்றியது, மூளையைப் பற்றியது அல்ல. பக்கவாதம்தான் என்று உறுதியான பிறகும் வேலை முடிவதில்லை. ஐ63 வரிசை இப்போது நடக்கும் இரத்த ஓட்டத் தடைப் பக்கவாதத்துக்கு மட்டுமே உரியது; பழைய பக்கவாதத்தால் கை கால் பலவீனம் எஞ்சியிருந்தால் ஐ69 வரிசைக்கும், எதுவும் எஞ்சவில்லை என்றால் இசட்86.73க்கும் போக வேண்டும். மூன்றெழுத்தைச் சரியாக விரித்துவிட்டு, காலத்தைப் பார்க்காமல் தவறான கோடு போடுவது மிக எளிது.

அதே போல, குறிப்பின் தலைப்பகுதியில் சிசி என்றால் நோயாளி சொல்லும் முதன்மைப் புகார். உள்நோயாளிக் கோடிங்கில், நோயாளிகளை ஒத்த வகைகளாகப் பிரித்துத் தொகையை முடிவுசெய்யும் டிஆர்ஜியைப் பற்றிப் பேசும்போது சிசி என்றால், மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகையை உயர்த்தக்கூடிய சிக்கல் அல்லது உடனிருக்கும் நோய்.

ஆர்/ஓ என்ற குறிக்குத் தனி விதி உண்டு. ‘நெஞ்சுவலி, ஆர்/ஓ எம்ஐ’ என்று எழுதப்பட்டிருந்தால், மாரடைப்பாக இருக்கலாமா என்று மருத்துவர் ஆராய்கிறார் என்று பொருள். வெளிநோயாளி சார்ட்டில் உறுதிப்படாத நோய்க்குக் கோடு போடக் கூடாது. நெஞ்சுவலிக்கே போட வேண்டும். உள்நோயாளியாக இருந்து வீடு திரும்பும்போதும் அந்த நோய் ‘இருக்கக்கூடும்’ என்ற நிலையிலேயே எழுதப்பட்டிருந்தால், மருத்துவமனைக் கிளெய்மில் அதை இருப்பதாகவே கொண்டு கோடு போட அதிகாரபூர்வ வழிகாட்டி சொல்கிறது. சார்ட்டைத் திறந்தவுடன் அது எந்த வகை என்று பார்க்கும் பழக்கம் இதற்காகவே தேவை.

ஹெச்/ஓ என்றால் முன்பு இருந்தது என்று பொருள். சிகிச்சை முற்றிலும் முடிந்த மார்பகப் புற்றுநோய்க்கு இசட்85.3 சரியானது. ஆனால் ‘ஹெச்/ஓ டிஎம்’ (டிஎம் என்பது நீரிழிவு) என்று எழுதிவிட்டு, மருந்துப் பட்டியலில் நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் தொடர்வதைப் பல சார்ட்டுகளில் காணலாம். நீரிழிவு அங்கே கடந்த காலம் ஆகிவிடவில்லை என்று தோன்றினாலும், ஊகித்துக் கோடு போடாமல் மருத்துவருக்குக் கொயரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்புங்கள். சுருக்கக்குறியை ஊகிப்பதை நான் எந்தச் சூழலிலும் ஏற்கமாட்டேன். நாள்தோறும் என்பதற்கான கியூடியும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதற்கான கியூஓடியும் கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரிவதால், அவை இரண்டும் அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் தயாரித்த, பயன்படுத்தக் கூடாத குறிகளின் பட்டியலிலேயே இருக்கின்றன.

பில்லிங் பக்கம் வந்தால், மருத்துவரின் கிளெய்ம் சிஎம்எஸ்-1500 படிவத்திலும் மருத்துவமனையின் கிளெய்ம் யூபி-04 படிவத்திலும் போகும். டிஓஎஸ் சிகிச்சை நடந்த தேதி. என்பிஐ மருத்துவர் அல்லது மருத்துவமனையின் பத்து இலக்க அடையாள எண். பிஓஎஸ் மட்டும் இரட்டைப் பொருள் தரும்: கிளெய்மில் அது சிகிச்சை நடந்த இடம், அதாவது கிளினிக்குக்கு 11, உள்நோயாளிக்கு 21, அவசரப் பிரிவுக்கு 23; காப்பீட்டுத் தகுதியைச் சரிபார்க்கும் திரையில் அதே பிஓஎஸ் ஒரு வகைக் காப்பீட்டுத் திட்டத்தின் பெயர்.

பணம் வந்த பிறகு, எதற்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று காப்பீட்டு நிறுவனம் விளக்கும் ஈஓபியையோ, அதன் மின்வடிவமான ஈஆர்ஏவையோ படிக்க வேண்டும். 200 டாலர் பில்லுக்குக் காப்பீட்டு நிறுவனம் 120 டாலரை ஒப்புக்கொண்டு 100 டாலர் கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். 80 டாலருக்கு எதிரே சிஓ-45 இருக்கும். சிஓ என்பது ஒப்பந்தப்படியான கழிவு, அதை நோயாளியிடம் கேட்கக் கூடாது. மீதி 20 டாலருக்கு எதிரே பிஆர்-3 இருந்தால், அது நோயாளி செலுத்த வேண்டிய கோபே, அதாவது ஒவ்வொரு முறையும் கட்டும் நிலையான தொகை. பிஆர்-1 டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நோயாளி கட்டும் தொகை), பிஆர்-2 கோஇன்ஷூரன்ஸ் (நோயாளி கட்டும் சதவீதப் பங்கு). சிஓவையும் பிஆரையும் மாற்றிப் படித்தால், கடன்படாத நோயாளியின் வீட்டுக்குப் பில் போய்ச் சேரும். இதில் வேகத்தைவிட நிதானமே முக்கியம்.

டினையல்களில், அதாவது பணம் தர மறுக்கும் பதில்களில், சிஓ-16 தகவல் குறைவைச் சொல்கிறது; என்ன குறை என்பது அதனுடன் வரும் ரிமார்க் கோடில் இருக்கும். சிஓ-29 காலக்கெடு தாண்டியதைக் காட்டும். முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் அந்தக் கெடு சிகிச்சைத் தேதியிலிருந்து ஓராண்டு. சிஓ-22 வந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட காப்பீடுகளின் ஒருங்கிணைப்பைச் சொல்லும் சிஓபியைப் பார்த்து, எந்தக் காப்பீடு முதலில் கட்ட வேண்டும் என்று உறுதிசெய்யுங்கள். சிஓ-97 வந்தால், அந்தப் பணிக்கான தொகை வேறொரு பணியின் தொகையிலேயே அடங்கிவிட்டது என்று பொருள். உடனே, அது தனிப் பணி என்று காட்டும் மாடிஃபயர் 59ஐ (கோடுடன் சேரும் துணைக்குறியை)ச் சேர்த்துத் திருப்பி அனுப்பாதீர்கள். முதலில், எந்தப் பணிகளைச் சேர்த்துப் பில் செய்யக் கூடாது என்று சொல்லும் என்சிசிஐ விதியில் அந்த இணைக்கு மாடிஃபயர் அனுமதி உண்டா என்று பார்த்து, வேறு உடற்பகுதியிலோ வேறு அமர்விலோ அந்தப் பணி தனியாக நடந்ததாகச் சார்ட்டில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் சேர்த்து அனுப்புங்கள்.