தானியங்கி விளக்கை நம்புவதற்கு முன் உங்கள் காரில் பார்த்துவைக்க வேண்டியவை

மாரி காலத்து மாலை வேளையில் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போகிறவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். எதிரே வரும் புதிய கார்களின் முன்பக்கத்தில் வெள்ளை எல்இடி கோடு பளிச்சென்று எரியும். அதே கார் நம்மைக் கடந்தபின் பக்கக் கண்ணாடியில் பார்த்தால், அதன் பின்பக்கத்தில் ஒரு விளக்கும் இல்லாமல் மழையின் சாம்பல் நிறத்துக்குள் மறைந்துபோகும். ஓட்டுபவரோ தன் விளக்குகள் எல்லாம் எரிகின்றன என்ற நம்பிக்கையில் போய்க்கொண்டிருக்கிறார். பகல்நேர ஓட்ட விளக்கும் தானியங்கி விளக்கும் பாதுகாப்பைக் கூட்டுகின்றனவா என்று கேட்டால், கூட்டுகின்றன என்பதே என் பதில். ஆனால் எவ்வளவு கூட்டும் என்பது, அவை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று ஓட்டுபவர் தெரிந்து வைத்திருப்பதில் தங்கியிருக்கிறது.

முதலில் பகல்நேர ஓட்ட விளக்கை எடுத்துக்கொள்வோம். டிஆர்எல் என்று கராச்சுகளில் சொல்லப்படும் இது வீதியை நமக்குக் காட்டுவதற்கானது அன்று. நம்மை மற்றவருக்குக் காட்டுவதற்கானது. சூரியன் தாழ்ந்து நிற்கும் வடநாடுகளில்தான் இந்த வழக்கம் வேரூன்றியது. பின்லாந்து 1972 இல் நகருக்கு வெளியே உள்ள வீதிகளில் குளிர்காலத்துக்கு மட்டும் பகல் விளக்கைக் கட்டாயமாக்கியது. சுவீடன் 1977 இல் ஆண்டு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. கனடாவில் 1989 டிசம்பருக்குப் பின் தயாரான வாகனங்களுக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பெப்ரவரி முதல் புதிய மாதிரிக் கார்களுக்கும் இது கட்டாயமானது. வடநாட்டு ஆய்வுகள் பகலில் வாகனங்கள் ஒன்றோடொன்று மோதும் விபத்துகள் குறைந்ததாகக் காட்டின. ஆனால் அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தமாகப் பார்த்தபோது புள்ளிவிவர அடிப்படையில் உறுதியாகச் சொல்லக்கூடிய குறைவு தென்படவில்லை.

உச்சி வெயில் கொளுத்தும் யாழ்ப்பாணத்தில் நண்பகலில் இந்த விளக்கால் கிடைக்கும் பயன் சிறிது என்றே நினைக்கிறேன். காலையும் மாலையும் கதை வேறு. மாலையில் மேற்கு நோக்கிப் போகிறவருக்கு எதிரே வரும் வாகனம் சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு வருவதால், அதன் முன்பக்கம் கறுத்த நிழலாகவே தெரியும். அந்த நிழலுக்குள் இரண்டு வெள்ளை வெளிச்சம் இருந்தால் அது வாகனம் என்று முன்னதாகவே புரியும். ஏ9 வீதியில் முன்னால் போகும் பேருந்தை முந்த நினைக்கும்போதும், தூரத்தில் கானல் மிதக்கும் தார் மீது எதிர்வாகனம் வருகிறதா இல்லையா என்று தீர்மானிக்க இந்த வெளிச்சம் உதவும். மர நிழல் விழும் ஒழுங்கையில் இருந்து வெளியே வரும் காருக்கும் அப்படியே.

தானியங்கி விளக்கு வேறொரு பொறி. முன் கண்ணாடிக்குப் பின்னாலோ டாஷ்போர்டின் மேலோ இருக்கும் சிறிய ஒளி உணரி, வெளியே வெளிச்சம் குறைந்ததும் விளக்கைப் போடுகிறது. ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதி 48 இன்படி வெளிச்சம் 1000 லக்ஸுக்குக் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) கீழே போனால் 2 செக்கனுக்குள் டிம் லைட் எரிய வேண்டும். 7000 லக்ஸுக்கு மேலே போனால் அணைய வேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அந்த உணரி அளப்பது வெளிச்சத்தை மட்டுமே. முன்னால் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை அது அறியாது. தை மாதத்து விடியலில் ஆனையிறவு வெளியில் வெள்ளையாய்ப் பனி இறங்கி நிற்கும்போதும், கடல்நீர் இருபுறமும் ஒளியைத் திருப்பி அனுப்பும் பண்ணைப் பாலத்தில் மழை கொட்டும்போதும், வெளிச்சம் போதுமானதாகவே இருக்கும், ஆனால் ஐம்பது மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாது. உணரி விளக்கைப் போடாது.

ஆகவே ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, வீட்டு மதிலைப் பார்த்தபடி காரை நிறுத்தி, எஞ்சினை இயக்கிவிட்டு, வீட்டில் ஒருவரைக் காரைச் சுற்றிவரச் சொல்லுங்கள். ஹான்ட் பிறேக் போட்டிருந்தால் சில கார்களில் பகல் விளக்கு எரியாது. அப்போது பிறேக்கை மிதித்துக்கொண்டு ஹான்ட் பிறேக்கை விடுவித்துப் பார்க்க வேண்டும். விளக்குத் திருகியை முதலில் முழுவதும் அணைந்த நிலையில் வையுங்கள். முன்னால் ஏதாவது எரிகிறதா, பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள்; பிறேக்கை மிதித்திருக்கும்போது எரியும் பிறேக் லைட்டைப் பின்விளக்கு என்று அவர் தவறாகச் சொல்லக்கூடும், அதை முன்பே சொல்லிவையுங்கள். பெரும்பாலான கார்களில் பகல் விளக்கு எரியும்போது பின்விளக்கு எரிவதில்லை. இந்தக் குறைக்காகவே கனடா 2021 செப்டெம்பர் முதல் புதிய வாகனங்களுக்கு விதியை மாற்றியது: பகல் விளக்கோடு பின்விளக்கும் எரிய வேண்டும், அல்லது இருட்டில் எல்லா விளக்கும் தாமாக எரிய வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஓட்டுபவருக்குப் புரியும்படி டாஷ்போர்ட் இருளாகவே இருக்க வேண்டும். இப்போதைய டாஷ்போர்டுகள் பட்டப்பகலிலும் ஒளிர்வதால், அந்த ஒளியைப் பார்த்து வெளி விளக்கும் எரிகிறது என்று எண்ணுவது மிக எளிது. நம்ப வேண்டியது டாஷ்போர்டில் தெரியும் பச்சை விளக்குக் குறியை.

நம்மிடையே ஓடும் ஜப்பான் கார்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜப்பானில் பகல்நேர ஓட்ட விளக்குக்கு 2016 இல்தான் அனுமதி கிடைத்தது. தானியங்கி விளக்கு புதிய மாதிரிகளுக்குக் கட்டாயமானது 2020 ஏப்ரலில். அதற்கு முந்திய காரில் அழகான எல்இடி கோடு இருந்தாலும் அது பார்க் லைட்டாக மட்டும் இருக்கலாம். திருகியைத் திருப்பாமல் எரியாது.

அடுத்து திருகியை ஓட்டோ (தானியங்கி) நிலையில் வைத்து, பகலிலேயே ஒளி உணரியைத் தடித்த துணியால் மூடுங்கள். சில செக்கன்களில் முன்விளக்கும் பின்விளக்கும் எரிய வேண்டும். டாஷ்போர்டில் பிள்ளையார் சிலையோ மாதா படமோ வைத்திருப்பவர்கள் அது உணரிக்கு மேலே நிழல் விழுத்தாதபடி தள்ளி வைக்கவேண்டும். உணரியின் மேல் தூசி படிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்தபின் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வைப்பரைப் போடும் கை, விளக்குத் திருகியையும் டிம் நிலைக்குத் திருப்ப வேண்டும். மழையில் நான்கு சிக்னல் விளக்குகளையும் ஒருசேர மின்னவிட்டுக்கொண்டு ஓடும் பழக்கம் நம்மிடம் பரவியிருக்கிறது, அது கூடாது. நின்றுபோன வாகனத்துக்கு உரிய அடையாளம் அது, மேலும் அது மின்னும்போது நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

நமது ஊரில் அந்தி நீளாது. சூரியன் மறைந்து இருபது நிமிடங்கள் சற்றுக் கடப்பதற்குள் வீதி இருண்டுவிடும், அந்த இருபது நிமிடத்தில்தான் விளக்கில்லாத சைக்கிள்களும், தோட்டத்தால் திரும்பும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்களும், வீட்டுக்குத் திரும்பும் மாடுகளும் வீதியில் இருக்கும். உணரி முடிவெடுக்கும்வரை காத்திராமல் சூரியன் இறங்கத் தொடங்கியதும் டிம் லைட்டைப் போட்டுவிடுங்கள். பிரைட்டையும் டிம்மையும் தானே மாற்றும் வசதி உங்கள் காரில் இருந்தால் ஊருக்குள் அதை அணைத்துவைப்பது நல்லது. அதன் கமரா தேடுவது எதிர்வாகனத்தின் விளக்கையும் முன்செல்லும் வாகனத்தின் பின்விளக்கையும்; விளக்கே இல்லாத சைக்கிளில் வரும் முதியவர் அதற்கு இல்லாதவரே, அவர் கண்ணில் முழு வெளிச்சமும் பாயும், பக்கத்தில் வாய்க்கால் இருந்தால் அதற்குள்தான் போவார்.

மோட்டார் சைக்கிளுக்குப் பகல் விளக்கின் தேவை காரைவிடப் பெரிது, ஏனென்றால் அதன் உருவம் சிறியது. இந்தியா 2017 ஏப்ரலில் புதிய இருசக்கர வண்டிகளில் முன்விளக்கு எப்போதும் எரியும்படி செய்தது அதற்காகவே. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பகலிலும் டிம் லைட்டைப் போட்டு ஓடலாம். காருக்கென்று பின்னர் தனியாக வாங்கிப் பூட்டும் எல்இடி பட்டிகளில், இரவில் தலைவிளக்கோடு சேர்ந்து மங்காமல் எரிபவையும் நீலமாக மின்னுபவையும் எதிரே வருகிறவரின் கண்ணைக் கூச வைக்கும். அவற்றைத் தவிர்க்க வேண்டும். முன்விளக்கின் கண்ணாடி மஞ்சளித்துப் போயிருந்தால், புதுப் பட்டி பூட்டும் பணத்தை அதை மெருகேற்றவும் விளக்கின் உயரத்தைச் சரிபார்க்கவும் செலவிடுங்கள்.