கிராமத்து யூத கல்லறைத் தோட்டத்தை சுத்தம் பண்ணப் போறீங்களா? கம்பி ப்ரஷ்ஷை வீட்லயே வச்சிட்டு போங்க

ஜெர்மனி, போலந்து கிராமங்கள்ல ஊரை விட்டு தள்ளி ஒரு மேட்டுலயோ காட்டு ஓரத்துலயோ இந்த மாதிரி சின்ன கல்லறைத் தோட்டங்கள் இருக்கும். பயிருக்கு ஆகாத நிலமா பாத்துத்தான் பெரும்பாலும் கொடுத்திருக்காங்க, அதனால நாலஞ்சு ஊரு சேந்து ஒண்ணை வச்சுக்கிட்டதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டுல நிறைய குடும்பம் நகரத்துக்கும் அமெரிக்காவுக்கும் போயிடுச்சு, மிச்சம் இருந்தவங்களை நாஜிங்க விரட்டினாங்க, கொன்னாங்க, பல ஊர்ல கல்லறைக் கல்லையே பிடுங்கி ரோட்டுக்கு போட்டாங்க. அதனாலதான் இப்ப பாத்துக்க ஆளில்லாம கிடக்கு.

முதல்ல நிலம் யார் பொறுப்புல இருக்கோ அவங்ககிட்டயும், கிட்ட இருக்கிற யூத சமூகத்துக்கிட்டயும் அனுமதி கேளுங்க. வெள்ளி சாயங்காலத்துலேர்ந்து சனி ராத்திரி வரைக்கும் சப்பாத், அதாவது யூதங்களோட ஓய்வு நாள், அப்ப போகக் கூடாது. ஆம்பளைங்க தலையில தொப்பி.

செடியை வேரோட பிடுங்காதீங்க, தரை மட்டத்துல வெட்டுங்க, ஏன்னா யூத வழக்கப்படி குழி நிரந்தரம், எலும்பை கிளறவே கூடாது. புல்லை மேய ஆட்டை விடலாமேன்னு தோணும், அதுக்கும் மத சட்டத்துல தடை இருக்கு. மண்ணுல புதைஞ்ச கல்லு தெரிஞ்சா தோண்டாம போட்டோ எடுத்து, அனுமதி கொடுத்தவங்ககிட்ட சொல்லி விடுங்க. கல்லு மேல கூழாங்கல்லு இருந்தா குப்பைன்னு தள்ளிடாதீங்க, யாரோ வந்து பாத்துட்டு போன அடையாளம் அது.

கல்லை கழுவறதுன்னா வெறும் தண்ணி, மெத்துன்னு ஒரு ப்ரஷ், அவ்வளவுதான். ப்ளீச், ஆசிட், ப்ரஷர் வாஷர் எதுவும் வேண்டாம். மணற்கல்லுல மேல்தோல் உரிஞ்சு நிக்குதுன்னா தண்ணிகூட ஊத்தாதீங்க, ஒரு தேய்ப்புல எழுத்து மொத்தமும் உதிர்ந்துடும். எழுத்து தெரியலையா, சாக்பீஸ், மாவு தடவாதீங்க, பக்கவாட்டுல டார்ச் அடிங்க, ஆழமில்லாத எழுத்தும் நிழல் விழுந்து எந்திரிச்சு வரும்.

கல்லு மேல பே, நூன்னு ரெண்டு எபிரேய எழுத்து இருந்தா 'இங்கே அடக்கம்'னு அர்த்தம். ரெண்டு கை விரிச்ச மாதிரி இருந்தா கோஹன், அதாவது பூசாரி வம்சத்துக் குடும்பம், தண்ணி ஜாடி இருந்தா லேவி, கோயில்ல அவங்களுக்கு உதவினவங்க வம்சம். வருஷத்தையும் எழுத்துலதான் போட்டிருப்பாங்க, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் இருக்கு, கூட்டினா 660 வருதுன்னு வைங்க, அதோட 1240 சேத்தா 1900. ஆனா யூத வருஷம் செப்டம்பர், அக்டோபர் வாக்குல பிறக்குறதால வருஷ ஆரம்பத்துல செத்தவங்களுக்கு 1899ன்னு வரும், நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான்.

வெளிய வரும்போது கை கழுவுறது வழக்கம். குழாய் எல்லாம் இருக்காது, ஒரு பாட்டில் தண்ணி தனியா எடுத்து வைங்க.